பராமரிக்கும் பிள்ளையை யார் பராமரிப்பது?



நமது ஊர்களில் ஒருவர் பாயில் விழுந்துவிட்டால் அச்செய்தி அன்று பின்னேரத்துக்குள் அயலெல்லாம் பரவிவிடும். சுகம் விசாரிக்க வருவோர் பிஸ்கட் பெட்டியும் தோடம்பழமும் கொண்டு வருவர். கட்டிலருகே கதிரையைப் போட்டு அமர்ந்து, என்ன மருந்து, எந்த வைத்தியர், அடுத்த கிளினிக் எப்போது என்றெல்லாம் கேட்பர். தேநீர் கொண்டுவந்து வைக்கும் பிள்ளையைப் பார்த்து, “நல்ல பிள்ளை, தாயை வடிவாப் பார்க்குது” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவர். அந்தப் பிள்ளை இரவு எத்தனை தரம் எழும்பியது, சென்ற கிழமை எத்தனை நாள் பாடசாலைக்குப் போனது, கடைசியாக எப்போது விளையாடியது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. இன்றைய பாடம் அந்தப் பிள்ளையைப் பற்றியது.

யார் இந்தப் பிள்ளைகள்?

பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த தந்தைக்குச் சோறு ஊட்டும் பையன். நீரிழிவினால் கண்பார்வை மங்கிய அம்மம்மாவைக் கைபிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப் போகும் சிறுமி. பேச்சு வராத தம்பியின் சைகைகளைத் தாயைவிட நன்றாக விளங்கிக்கொள்ளும் அக்கா. சிறுநீரக நோயாளியான தந்தையைக் கிழமையில் இரண்டு மூன்று நாள் தாய் இரத்தச் சுத்திகரிப்புக்குக் கூட்டிச் செல்ல, வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் மூத்தவள். ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம் வரை இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டிய சிகிச்சை அது. போக்குவரத்தையும் சேர்த்தால் ஒரு முழு நாள் போய்விடும்.

நமது பகுதிகளுக்கென்று உரிய காரணங்களும் உண்டு. 2009இல் முடிவுற்ற போர் கால் இழந்தோரையும், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோரையும், உடலில் குண்டுத் துண்டுகளைச் சுமந்து வாழ்வோரையும் நம்மிடையே விட்டுச் சென்றது. அவர்களில் பலர் இன்று தாய் தந்தையராய் இருக்கின்றனர். தாய் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போனதனால் அம்மம்மாவிடம் விடப்பட்ட பிள்ளை, சில ஆண்டுகளில் அந்த அம்மம்மாவையே பார்க்க வேண்டிய பிள்ளையாகிவிடுகிறது. பெற்றோரின் மனநோய் காரணமாகவோ, தந்தையின் குடிப்பழக்கம் காரணமாகவோ வீட்டுப் பொறுப்பை ஏற்ற பிள்ளைகளும் உளர். இவர்களே வெளியில் மிகக் குறைவாகத் தெரிபவர்கள். ஏனெனில் அந்த நோய்களை நாம் இன்னமும் வெட்கத்தோடு மறைத்து வைக்கிறோம்.

இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் லவ்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இத்தகைய பிள்ளைகளிடம் நேரே சென்று பேசினார்கள். அவர்களது நூல் 1993இல் வெளிவந்தது. 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் முதன்முறையாக, யாரையாவது பராமரிக்கிறீர்களா என்ற வினாவும் சேர்க்கப்பட்டது. ஐக்கிய இராச்சியம் முழுவதிலும் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களில் ஏறத்தாழ 175,000 பேர் அவ்வாறு பராமரிக்கிறார்கள் என்று அப்போது அறியப்பட்டது. 2014இல் இயற்றப்பட்ட சட்டம், அத்தகைய பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று ஆராயும் பொறுப்பை இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்களுக்கு விதித்தது. இவற்றுக்கெல்லாம் முதற்படியாக இருந்தது எது? யாரோ சிலர் அப்பிள்ளைகளிடம் கேட்டதுதான். நமது பங்கிலே, நமது குறிச்சியிலே இப்படி எத்தனை பேர் என்று நாம் கேட்டிருக்கிறோமா?

உதவி வேறு, சுமை வேறு

“பிள்ளைகள் வீட்டு வேலை செய்யக் கூடாதா? நாங்களும் செய்துதானே வளர்ந்தோம்?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தந்தைக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதும், அப்பம்மாவுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவதும் பிள்ளைக்கு நன்மையே செய்யும். நோயுற்றவரோடு வளர்ந்த பிள்ளையிடம் பொறுமையும் இரக்கமும் கைத்திறனும் வளர்வதை நாம் காண்கிறோம். தாய் தந்தையரைக் கனம்பண்ண வேண்டும் என்ற நான்காம் கட்டளையைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் நம் கடமைதான்.

ஆனால் உதவி எப்போது சுமையாக மாறுகிறது என்பதை அறிய மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாவது: இந்த வேலையினால் பிள்ளையின் படிப்போ நித்திரையோ விளையாட்டோ கிழமைக்குக் கிழமை குறைகிறதா?

இரண்டாவது: இந்த வேலை அந்த வயதுப் பிள்ளையின் உடலுக்கும் மனத்துக்கும் ஏற்றதா?

மூன்றாவது: பிள்ளை இன்று வீட்டில் இல்லாவிட்டால் நோயாளிக்கு ஆபத்து வருமா?

மூன்றாவது கேள்விக்கு “ஆம்” என்பது விடையானால், அந்த வீட்டில் பராமரிப்பின் பொறுப்பு பிள்ளையின் தலையில் ஏறிவிட்டது என்பதே பொருள். பிள்ளை எவ்வளவு விருப்பத்தோடு செய்தாலும் அது சுமைதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். படுக்கையிலேயே கிடக்கும் நோயாளிக்குப் படுக்கைப்புண் வராதிருக்க, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்த வேண்டும் என்று தாதிமார் சொல்லிக் கொடுப்பதுண்டு. இரவு பத்து மணிக்குப் படுத்து, பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நான்குக்கும் எழும்பி, காலை ஆறு மணிக்குப் பாடசாலைக்கு ஆயத்தமாகும் பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தொடர்ச்சியாக இரண்டு மணித்தியால நித்திரைகூடக் கிடைப்பதில்லை. அந்த வயதுக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலமும், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணித்தியாலமும் நித்திரை தேவை. வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைச் “சோம்பேறி” என்று ஏசுமுன் இக்கணக்கை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத வேலை

சமையல், துவையல், மருந்து கொடுத்தல் ஆகியன கண்ணுக்குத் தெரியும் வேலைகள். தெரியாத வேலைகளும் உண்டு. பாடசாலையில் இருக்கும்போதே, “அம்மா இப்போது விழுந்திருப்பாரோ?” என்று எண்ணிக்கொண்டிருப்பது ஒரு வேலை. தந்தையின் முகம் மாறுமுன்னரே அவரது கோபத்தை உணர்ந்து தம்பி தங்கையரை வெளியே கூட்டிப் போவது ஒரு வேலை. தாய் அழும்போது தான் அழாமல் இருப்பது எல்லாவற்றிலும் பாரமான வேலை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். நமது நோயாளர் பலர் மகரகமைக்கும் கொழும்புக்கும் சிகிச்சைக்காகப் போகின்றனர். சிங்களமோ ஆங்கிலமோ கொஞ்சம் தெரிந்தவர் பிள்ளை மட்டுமே என்றால், வைத்தியர் சொல்வதை மொழிபெயர்க்கும் பொறுப்பு பிள்ளைக்கு வருகிறது. “நோய் பரவிவிட்டது, இனிச் சத்திரசிகிச்சை செய்ய முடியாது” என்று வைத்தியர் சொன்னால், அதைத் தன் தாயிடம் அந்தப் பிள்ளை எந்த வாயால் சொல்லும்? சொல்லாமல் மறைத்தால், அந்த இரகசியத்தை எத்தனை மாதம் தனியே சுமக்கும்? மொழி தெரிந்த பெரியவர் ஒருவரைத் துணைக்கு அனுப்புவது பங்கு மக்களாகிய நம்மால் செய்ய முடியாத பெரிய காரியமா?

ஏன் அவர்கள் வாய் திறப்பதில்லை?

சில பிள்ளைகளுக்குத் தாங்கள் செய்வது அசாதாரணமானது என்றே தெரியாது. நினைவு தெரிந்த நாள் முதல் வீடு அப்படித்தான் இருந்திருக்கிறது. சில பிள்ளைகள் பயப்படுகிறார்கள்: “வெளியில் சொன்னால் என்னை விடுதியில் சேர்த்துவிடுவார்கள், அம்மாவை வேறெங்கோ கொண்டுபோய்விடுவார்கள்.” சிலர் வெட்கப்படுகிறார்கள். வளர்ந்த பையன் தாயின் அழுக்குத் துணியைத் துவைக்கிறான் என்று தெரிந்தால் கூட்டாளிகள் சிரிப்பார்களே என்று அஞ்சுகிறார்கள்.

இவையெல்லாவற்றையும்விட வலிய பூட்டு ஒன்று உண்டு. அது நமது புகழ்ச்சி. “உன்னைப்போல் ஒரு பிள்ளை கிடைக்க அம்மா கொடுத்து வைத்தவர்” என்று பத்துப் பேர் சொன்ன பிறகு, “எனக்குக் களைப்பாக இருக்கிறது, எனக்குக் கோபம் வருகிறது, சில நேரம் எல்லாம் முடிந்துவிட்டால் நல்லது என்றுகூட நினைக்கிறேன்” என்று அந்தப் பிள்ளை யாரிடம் சொல்லும்? சொன்னால் தான் கெட்ட பிள்ளையாகிவிடுவேன் என்று நினைக்கும். பாராட்டக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. பாராட்டுக்குப் பிறகு ஒரு கேள்வியும் வர வேண்டும்: “உனக்கு எப்படி இருக்குது, பிள்ளை? நித்திரை கொள்ளுறியா? நாளைக்கு நான் வந்து நிற்கட்டோ?” இக்கேள்வி பூட்டைத் திறக்கும் சாவி.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. உண்மையைச் சொல்லுங்கள். நோயின் பெயரை, பிள்ளையின் வயதுக்கேற்ற சொற்களில் சொல்லுங்கள். “உன்னால் இந்த நோய் வரவில்லை, நீ குழப்படி செய்ததால் அப்பாவுக்கு வருத்தம் கூடவில்லை” என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சிறுபிள்ளைகள் தங்களையே குற்றவாளிகளாக்கிக்கொள்வது சாதாரணம். நோய் தொற்றக்கூடியதா இல்லையா, இனி என்ன நடக்கும், தங்களை யார் பார்ப்பார்கள் ஆகிய மூன்றையும் அவர்கள் கேளாமலே மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்களே ஒரு விடையைக் கற்பித்துக்கொள்வார்கள். அது பெரும்பாலும் உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும்.

2. வேலைகளை எழுதுங்கள். ஒரு கொப்பித் தாளில், ஒரு கிழமையில் நோயாளிக்காகச் செய்யப்படும் வேலைகள் அனைத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்பவரின் பெயரைக் குறியுங்கள். பல வீடுகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு பெரியவர்களே திகைப்பார்கள். அனேகமாக அது மூத்த பெண் பிள்ளையின் பெயராக இருக்கும். அவளது அண்ணனும் தம்பியும் அதே வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள். உடுப்புத் தோய்க்கவும் கஞ்சி காய்ச்சவும் ஆண் பிள்ளைக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன. தூரத்தில் இருக்கும் மாமா, சித்தி, பெரியம்மா ஆகியோரின் பெயர்களும் அத்தாளில் இடம்பெறட்டும். வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பும் உறவினர், மருந்துக்கு மட்டுமன்றி, கிழமையில் சில நாள் உதவிக்கு ஓர் ஆளை அமர்த்தவும் அனுப்பலாம்.

3. சில வேலைகளைப் பிள்ளைக்குக் கொடாதீர்கள். வளர்ந்தவரைத் தனியே தூக்குதல் கூடாது. வளரும் முதுகெலும்பு பாதிக்கப்படும், இருவரும் விழவும் கூடும். தாதியிடமோ இயன்முறை வைத்தியரிடமோ சரியான முறையைக் கேட்டுப் பெரியவர்கள் இருவராகச் செய்ய வேண்டும். தந்தையை மகளோ, தாயை மகனோ குளிப்பாட்டும் நிலையை இயன்றவரை தவிர்க்க வேண்டும். நோயாளியின் மானமும் பிள்ளையின் மனமும் அதில் அடங்கியுள்ளன. இன்சுலின் அளவைத் தீர்மானிப்பது, பாடசாலை நாட்களில் இரவு காவல் இருப்பது, கடன்காரருக்குப் பதில் சொல்வது, தன்னைத்தானே மாய்க்க நினைக்கும் ஒருவரைக் கண்காணிப்பது ஆகிய எதுவும் பிள்ளையின் பொறுப்பாகக் கூடாது.

4. ஆபத்து வேளைக்கு ஆயத்தப்படுத்துங்கள். பொறுப்பைக் கொடாதிருப்பது வேறு, அறிவைக் கொடாதிருப்பது வேறு. தனியே இருக்கும்போது ஏதும் நேர்ந்தால் என்ன செய்வது என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறையும். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியன பாரிசவாதத்தின் அறிகுறிகள். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நீரிழிவு நோயாளிக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் இரத்தத்தில் சீனி குறைந்திருக்கலாம். விழிப்போடு இருந்தால் சீனித் தண்ணீர் கொடுக்கலாம், மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அச்சேவை இன்று நாடெங்கும் உண்டு. அந்த இலக்கத்தையும், உடனே ஓடிவரக்கூடிய இரண்டு அயலவரின் இலக்கங்களையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

5. பிள்ளைக்கென்று நேரத்தை ஒதுக்குங்கள். கிழமையில் இரண்டு பின்னேரமாவது, “இது உன்னுடைய நேரம், யாரும் உன்னைக் கூப்பிட மாட்டார்கள்” என்று சொல்லி, அவ்வாறே நடந்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் பந்து விளையாடலாம், பாட்டுப் பழகலாம், சும்மா மரத்தடியில் இருந்து கதைக்கலாம். ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமைகள் என்று ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31ஆம் உறுப்புரை கூறுகிறது. 1989இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அச்சாசனத்தை இலங்கை 1991இல் உறுதிப்படுத்தியது. எனவே நாம் கொடுப்பது சலுகையன்று. பிள்ளைக்கு உரியதையே கொடுக்கிறோம்.

6. நோயுற்ற பெற்றோரே, நீங்கள் இன்னமும் பெற்றோர்தான். கட்டிலில் கிடந்தபடியே பிள்ளையின் பாடத்தைக் கேட்கலாம். தவணை அறிக்கையைப் பார்த்துக் கையொப்பமிடலாம். “இன்று மழை வரும்போல, குடையைக் கொண்டு போ” என்று சொல்லலாம். பிழை செய்தால் கண்டிக்கலாம். பிள்ளை கொடுக்கும் கஞ்சியை வாங்கும் கை, பிள்ளையின் தலையைத் தடவவும் கூடியது. “என்னால் உனக்குக் கரைச்சல்” என்று நாள்தோறும் சொல்லாதீர்கள். அது பிள்ளையின் மனத்தில் இன்னொரு பாரத்தை ஏற்றும். “நீ போய் விளையாடு, நான் இருப்பேன்” என்று சொல்லுங்கள். அந்த அனுமதி உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் பிள்ளை குற்றவுணர்வின்றிப் போகும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

வீட்டுக்கு அடுத்தபடியாகப் பிள்ளையை நாள்தோறும் காண்பவர் வகுப்பாசிரியர். இடாப்பைப் பாருங்கள். ஒரே கிழமை நாளில், அல்லது மாதத்தில் ஒரே கிளினிக் நாளில் வரவில்லையா? காலையில் தொடர்ந்து பிந்துகிறதா? சுற்றுலாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் எப்போதும் ஏதோ ஒரு சாட்டுச் சொல்லி விலகுகிறதா? பெற்றோர் கூட்டத்துக்கு யாரும் வருவதில்லையா? வயதுக்கு மீறிய அமைதியும் பொறுப்பும் காணப்படுகிறதா? இவை சேர்ந்து வந்தால், தண்டனைக்கு முன் தனியே அழைத்து, “வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்கிறார்களா?” என்று கேளுங்கள். வகுப்பின் முன் கேளாதீர்கள்.

கேட்டறிந்தபின் செய்யக்கூடியவை பல. ஒப்படைக்குக் கூடுதலாக ஒரு நாள் தவணை கொடுக்கலாம். தவறிய பாடக்குறிப்பை இன்னொரு மாணவரைக் கொண்டு வீட்டுக்கு அனுப்பலாம். இடைவேளையில் வீட்டுக்குத் தொலைபேசியில் பேச அனுமதிக்கலாம். நமது நாட்டில் கட்டாயக் கல்வி 2016 முதல் ஐந்து வயது தொடக்கம் பதினாறு வயது வரை நீடிக்கிறது. வீட்டில் நோயாளி இருப்பதனால் ஒரு பிள்ளையின் பெயர் இடாப்பிலிருந்து மெல்ல மறைய நாம் விடக் கூடாது. சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மாதங்கள் மிகவும் அவதானமாக இருக்க வேண்டிய காலம். அப்போது அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து ஆள் உதவி வந்தே ஆக வேண்டும்.

அயலவரும் பங்கு மக்களும்

“ஏதும் தேவை எண்டால் சொல்லுங்கோ” என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். நல்ல மனத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் அப்படிச் சொல்லப்பட்டவர்கள் அனேகமாக எதையும் கேட்பதில்லை. பிள்ளைகளோ கேட்கவே மாட்டார்கள். அதற்குப் பதிலாக நாளையும் நேரத்தையும் குறித்துச் சொல்லுங்கள்: “செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்து மட்டும் நான் வந்து அம்மாவோடு இருக்கிறன். பிள்ளை ரியூசனுக்குப் போகட்டும்.” இன்னொருவர் வியாழக்கிழமைச் சாப்பாட்டை ஏற்கலாம். மூன்றாமவர் கிளினிக்குக்குத் துணை போகலாம். ஓட்டோ வைத்திருப்பவர் மாதம் ஒருமுறை ஏற்றி இறக்கலாம். வின்சென்ட் டி போல் சபையினரும் மரியாயின் சேனையினரும் நோயாளரைச் சந்திக்கும்போது, அந்த வீட்டுப் பிள்ளையோடும் பத்து நிமிடம் தனியே கதைப்பதை வழக்கமாக்கலாம். மறைக்கல்வி ஆசிரியர், பூசைக்கு வராத பிள்ளையைக் கண்டிக்குமுன் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஒருமுறை போய் வரலாம்.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் திமிர்வாதக்காரனை நாம் அறிவோம். அவனைக் கட்டிலோடு சுமந்து வந்தவர்கள் நான்கு பேர் என்று நற்செய்தியாளர் எண்ணிக் குறிப்பிடுகிறார். கூட்டம் வழிமறித்தபோது கூரையைத் திறந்து இறக்கியவர்களும் அவர்களே. ஒரு நோயாளியைச் சுமக்க அன்று நான்கு பெரியவர்கள் வேண்டியிருந்தது. இன்று நமது குறிச்சியில் அதே கட்டிலை ஒரு சிறுமி தனியே சுமந்தால், மற்ற மூன்று மூலைகளையும் பிடிக்க வேண்டியவர்கள் எங்கே?

எங்கே உதவி கேட்பது?

கிராம அலுவலரிடமும், பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமும் முதலில் பேசுங்கள். 2023இல் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தின் கீழ் வலுவிழந்தோர், சிறுநீரக நோயாளர், முதியோர் ஆகியோருக்கென்று தனியான கொடுப்பனவுகள் உள்ளன. சக்கர நாற்காலி போன்ற உபகரணங்களைப் பெறும் வழியையும் அங்கே கேட்டறியலாம். சிறுவர் தொடர்பான உத்தியோகத்தரும் அதே செயலகத்தில் இருப்பார். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையும், ஊருக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரையும் மறவாதீர்கள். வீட்டில் நோயாளியைப் பார்க்கும் முறையை யாரிடம் கற்கலாம் என்று அவர்கள் வழிகாட்டுவர்.

பிள்ளைக்கு ஆபத்து இருப்பதாகத் தோன்றினால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குப் பிள்ளையும் பேசலாம், பெரியவரும் பேசலாம். மனத்துயருக்கு ஆலோசனை பெற, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் உண்டு. உதவி கேட்பது குடும்பத்தின் மானத்தைக் கெடுக்கும் செயலென்று எண்ணாதீர்கள். பிள்ளை படிப்பை இழப்பதும், உள்ளுக்குள் உடைவதும் அதைவிடப் பெரிய இழப்பு.

இளம் வாசகரே, உமக்கு

இதை வாசிக்கும் நீர் அப்படி ஒருவரைப் பராமரிக்கும் பிள்ளையாக இருக்கலாம். உமக்குக் கோபம் வருவதனால் நீர் கெட்ட பிள்ளை ஆகிவிடுவதில்லை. களைப்பும் கவலையும் அன்பு குறைந்ததன் அடையாளம் அல்ல. அன்புள்ளவர்களுக்கே அவை வருகின்றன. உமது வயதுப் பிள்ளைகள் எங்கெங்கும் இதே வேலையைச் செய்கிறார்கள். நீர் தனியாள் அல்ல. நம்பக்கூடிய ஒரு பெரியவரைத் தேர்ந்தெடும்: ஓர் ஆசிரியர், ஓர் அருட்சகோதரி, ஒரு மாமி. அவரிடம் ஒரேயொரு வசனம் சொன்னாலே தொடக்கத்துக்குப் போதும்: “எனக்கு உதவி வேணும்.” அவர் கேளாவிட்டால் இன்னொருவரிடம் சொல்லும். நீர் பார்த்தவர் ஒருநாள் இறந்துபோனால், “நான் இன்னும் நன்றாகப் பார்த்திருந்தால்” என்ற எண்ணம் வரக்கூடும். நோயைத் தீர்க்கும் பொறுப்பு ஒருபோதும் உம்முடையதாய் இருந்ததில்லை. அதை இன்றே மனத்தில் வைத்துக்கொள்ளும்.

அந்த நாட்களில் பெரியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. பிள்ளை இழந்தது தாயை மட்டும் அல்ல. காலையில் எழும்பியதும் செய்ய வேண்டிய வேலையையும், வீட்டில் தனக்கிருந்த இடத்தையும் சேர்த்தே இழந்திருக்கிறது. செத்தவீடு முடிந்து முப்பத்தோராம் நாளுடன் சனம் கலைந்துவிடும். அதன் பிறகுதான் அப்பிள்ளைக்கு நமது வருகை மிகவும் தேவைப்படும்.

குடும்பமாகச் சிந்திக்க

இன்றிரவு செபம் முடிந்தபின் ஐந்து நிமிடம் ஒதுக்கி, பின்வரும் வினாக்களைப் பற்றிப் பிள்ளைகளோடு சேர்ந்து பேசுங்கள்.

1. நமது வீட்டில் நோயாளி இருந்தால்: அவருக்கான வேலைகளில் எவையெவை பிள்ளைகளின் கையில் உள்ளன? அவற்றில் எதை இந்தக் கிழமையே ஒரு பெரியவர் ஏற்கலாம்?

2. நமது பிள்ளைக்குத் தன் களைப்பைப் பயமின்றிச் சொல்ல யார் இருக்கிறார்? நாம் கடைசியாக எப்போது கேட்டோம்?

3. நமது வீட்டில் நோயாளி இல்லையென்றால்: நமது ஒழுங்கையில், நமது பிள்ளையின் வகுப்பில், இப்படி யாரை நாம் அறிவோம்? அந்த வீட்டுக்கு எந்த நாள், எத்தனை மணிக்குப் போகப் போகிறோம்?

மூன்றாவது வினாவுக்கு ஒரு நாளும் ஒரு நேரமும் விடையாக வர வேண்டும். அதைக் கலண்டரில் குறித்துவிட்டுப் படுக்கைக்குப் போங்கள்.